எம்.பி. கேட்ட மன்னிப்பு

குவைத் எல்லையில் எட்டு லாரிகள் நிற்கின்றன; முதல் லாரி டிரைவர் நான். எல்லாவற்றிலும் இராக்கில் இருக்கும் அமெரிக்க முகாமுக்குத் தண்ணீர். காவல் வண்டி முன்னால் போனால்தான் நாங்கள் போகலாம். போன வாரம் இதே சாலையில் இரண்டு லாரிகள் எரிந்தன.

காவல் வண்டியில் ஒரு அமெரிக்கச் சிப்பாய் கதவைத் திறந்து வைத்து அவன் நாட்டு ரேடியோ கேட்கிறான். இருபது வயது இருக்கும். அந்த இங்கிலீஷ் எனக்குப் புரியவில்லை. பின் லாரி டிரைவர் நாகூர் காதர் பாய்க்குப் புரியும்.

"என்ன பாய் சொல்றான்?"

"இவன் ஊரு எம்.பி. பட்டாளத்தைத் திருப்பிக் கூப்பிடணும்னு பேசிட்டாராம். ரேடியோவுல தினமும் அரசியல் பேசுற ஒருத்தன் மூணு நாளா அவரைக் கோழை, துரோகின்னு கிழிச்சிருக்கான். இப்ப அவரே போன் போட்டு மன்னிப்பு கேக்குறாரு."

"எம்.பி., ரேடியோக்காரன்கிட்டயா?"

"சர்ச்சு, குடும்பம், பட்டாளம்னு பேசுற ஆளுங்கட்சி எம்.பி., தம்பி. அவங்க ஓட்டெல்லாம் இந்த ரேடியோக்காரன் வாயிலதான் இருக்கு."

சிப்பாய் ரேடியோவை அணைக்கிறான். காதர் பாய் அவனிடம் போய் ஏதோ கேட்கிறார். அவன் தரையைப் பார்த்தபடி பதில் சொல்கிறான். பாய் மெதுவாகத் திரும்பி வருகிறார்.

"அந்த எம்.பி.க்காக உங்க வீட்டுல யாரும் பேசலையான்னு கேட்டேன். இவன் வாப்பாவே ரேடியோவுக்குப் போன் போட்டு எம்.பி.யைத் திட்டினாராம். நேத்து வாப்பா குரலை இங்க உக்காந்து கேட்டானாம்."

நான் லாரியில் ஏறி உட்காருகிறேன்.

விசில் அடிக்கிறது. சிப்பாய் இரும்புத் தொப்பியை மாட்டிக்கொண்டு வண்டிக்கு மேலே, துப்பாக்கிக்குப் பின்னால் ஏறி நிற்கிறான். கேட் திறக்கிறது. அவன் வண்டியை ஒட்டியே நான் லாரியை ஓட்டுகிறேன்.