எந்தக் கோயிலில் நேர்ந்தேன்

எழுபதுகளின் நடுப்பகுதியில் மெல்பேர்னில், கிளேட்டன் பக்கத்தில் குடியிருந்தோம். தானியக் களஞ்சியங்களில் லொறிகளை நிறுக்கும் பெரிய தராசுகளைச் சரிபார்ப்பது என் கணவரின் வேலை. மாதம் ஒருமுறை மெல்பேர்னுக்கு வடமேற்கே, கோதுமை விளையும் சிற்றூர்களைச் சுற்றி வருவார். வீட்டில் தனியே இருக்கப் பயந்து கைக்குழந்தையோடு நானும் அவர் காரில் ஏறிவிடுவேன். கதவைப் பூட்டினேனா, அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழி வரைக்கும் அவரைக் கேட்டுக்கொண்டே வருவேன்.

அப்படிப் போன ஒரு கோடைப் பயணத்தில் மகளுக்குக் காய்ச்சல் ஏறி, காருக்குள்ளேயே வலிப்பு வந்தது. தார் போடாத குறுக்குவழி; ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் என்றும் தெரியாது, காருக்குள் அனல். வெளியில் தண்ணீர்த் தாங்கி வைத்த ஒரு கோயில், கூரையில் சிலுவை வைத்த சின்னத் தேவாலயம், தெரிந்தது. என்னையும் பிள்ளையையும் அங்கே இறக்கிவிட்டு, கணவர் உதவி தேடிக் காரில் பறந்தார். கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே போய், ஈரச் சேலைத் தலைப்பால் அவளைத் துடைத்தபடி நேர்ந்தேன்: இவள் கண் விழித்தால் இந்தக் கோயிலை என் கையால் கூட்டிக் கழுவித் தருவேன். எங்கள் ஊரில் கொடுக்க ஒன்றும் இல்லாத கத்தோலிக்கர் அப்படித்தான் நேர்வார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் சிணுங்கினாள். கணவர் ஒரு விவசாயியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த மனிதர் வழிகாட்டிக்கொண்டு முன்னால் போக, நாங்கள் பின்னால் ஓடி, ஆஸ்பத்திரி சேர்ந்தோம். பிள்ளை பிழைத்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நெஞ்சில் இடித்தது. எந்தக் கோயில்? வாசலில் பலகை இருந்தது, ஆனால் எட்டாம் வகுப்போடு நின்ற நான் அந்த அவதியில் இங்கிலிஷ் எழுத்தையா பார்ப்பேன்? கணவருக்கும் பதற்றத்தில் பாதை நினைவில் பதியவில்லை.

“பேனையைத் துலைச்ச ஆக்களைக் கண்டிருக்கிறன். கோயிலைத் துலைச்ச ஆள் நீர் ஒருத்திதான்” என்றார்.

அவருக்குச் சிரிப்பு. எனக்கு, பிள்ளை ஒரு தரம் தும்மினாலே செய்யாத நேர்த்திதான் ஞாபகம் வரும். அடுத்த பயணத்துக்கு, கூட்டுவதற்கு ஒரு தும்புத்தடியும் கழுவுவதற்கு வாளியும் காரில் ஏறின.

தேடத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பக்கத்தில் எத்தனை கோயில்கள் என்று தெரிந்தது. எல்லாமே பலகைச் சுவர், தகரக் கூரை, பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தாங்கி. வெயிலில் கூரை நொடிக்கொருதரம் சடசடக்கும். ஜன்னல் கட்டைகளில், கண்ணாடியில் மோதி மோதிச் செத்த இலையான்கள். ஒரு கோயிலில் மணியை மரக்கம்பத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். இன்னொன்றில், போருக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களைப் பலகையில் பொறித்திருந்தார்கள்; எழுத்துக் கூட்டி வாசித்தேன், மூன்று பேருக்கு ஒரே குடும்பப் பெயர். அன்று கூட்ட வெகுநேரம் பிடித்தது. எங்கும் புனிதர்களின் சுரூபம் இல்லை. இவை எங்கள் கத்தோலிக்க வேதக் கோயில்கள் அல்லவே, நேர்த்தி செல்லுமா என்று அதற்கும் பயந்தேன்.

“கடவுள் என்ன, ஆர் எந்த வேதமெண்டு இடாப்புப் பாத்தே காய்ச்சலை மாத்தினவர்?” என்று கேட்டுவிட்டு, கணவர் வாளியில் தண்ணீர் பிடித்துத் தந்தார்.

எது என்று தெரியாததால் கண்டதையெல்லாம் கூட்டினேன். ஐந்தாவதோ ஆறாவதோ கோயிலில், முழங்காலில் நின்று பலகைத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கைநிறையப் பூக்களோடு ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணி வாசலில் நின்றார். பொலிஸைக் கூப்பிடுவார், எங்களை நாட்டை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்றுவரை மனம் ஓடிவிட்டது. கணவர் ஓடிவந்து ஒன்றும் மறைக்காமல் சொன்னார். பிள்ளையின் வலிப்பையும் சொன்னார், கோயிலைத் தொலைத்ததையும் சொன்னார். அந்தப் பெண்மணி பூக்களை மர வாங்கில் வைத்துவிட்டுக் குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். பிறகு மெதுவாக, எனக்கு விளங்கும்படி பேசினார். சுற்றுவட்டாரத்து ஐந்து கோயில்களுக்கும் ஒரே போதகர்தானாம், முறை வைத்து வருவாராம். சனம் குறைந்துவிட்டதாம், பூட்டுவதற்கு மட்டும் யாருக்கும் மனமில்லையாம்.

பூட்டாமல் விட்ட அந்த மனங்களை நினைத்ததும் அழுகை வந்தது. அன்றைக்குக் கதவு பூட்டியிருந்தால் பிள்ளையை வெயிலில் அல்லவா வைத்திருந்திருப்பேன்.

“கேளுங்கோ” என்றேன் கணவரிடம். “நான் நேர்ந்தது இதுதானோ எண்டு இவவுக்குத் தெரியுமோ?”

அவர் கேட்டார். பெண்மணி யோசித்தார். தனக்குத் தெரியாது என்றார். ஆம் என்று சொல்லி என்னை அனுப்பியிருக்கலாம், சொல்லவில்லை. அதனால்தான் அவர் அடுத்துச் சொன்னதை நம்பினேன். சுவரில் குத்தியிருந்த தாளைக் காட்டினார். கோயிலைத் துப்புரவு செய்பவர்களின் முறைப் பட்டியல். பாதிக் கட்டங்கள் வெறுமை. நாங்கள் மாதாமாதம் வருவதானால் ஒரு சனிக்கிழமையை எடுத்துக்கொள்ளலாமே, மற்றக் கோயில்களின் தாள்களிலும் எழுதிவிடுகிறேன், ஒவ்வொரு மாதம் ஒவ்வொன்றாகச் செய்யலாம் என்றார்.

“என்ன சொல்லுறீர்?” என்று கணவர் கேட்டார்.

“ஓம் எண்டு சொல்லுங்கோ.”

என் பெயரைக் கேட்டுக் கேட்டு எழுதினார். அதன் பிறகு கணவர் தன் சுற்றைச் சனிக்கிழமையில் முடியும்படி மாற்றிக்கொண்டார். அவர் வேலை மாறும் வரை, நான்கு வருஷம் என் முறையைத் தவறவிடவில்லை. நேர்ந்த கோயில் எது என்று இன்றைக்கும் தெரியாது. மகள் அந்த வாங்குகளைப் பிடித்துப் பிடித்துத்தான் நடை பழகினாள். விழுந்தால் அழுவாள்; ஒரு தும்மலுக்கே பயந்த நான், தரையைத் துடைத்து முடித்துவிட்டுத்தான் போய்த் தூக்குவேன்.