டெல்மர் போட்ட வெள்ளைப் பாதை

டெல்மர் ஹூபரிடம் ஒரு நல்ல குணம் உண்டு. அவன் சொல்வதை யாரும் நம்புவதில்லை என்பது அவனுக்குத் தெரியாது. அதனால் யார் மேலும் அவனுக்குக் கோபம் கிடையாது. டயர் கடையில் இருந்தான், கேஸ் லாரி ஓட்டினான். வேட்டைக்கு வந்த இரண்டு பல் டாக்டர்களுக்கு வழிகாட்டியாகப் போனான். கடைசியில் அந்த டாக்டர்கள்தான் அவனைப் பத்திரமாக ஊர் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

"வேணும்னுதான் விட்டுக்கொடுத்தேன். படிச்சவங்களுக்கும் கொஞ்சம் தன்னம்பிக்கை வரட்டுமே" என்றான்.

எல்லாத் தொழிலும் அவனைக் கைவிட்ட பிறகு மிஞ்சியது கொம்பு பொறுக்கி விற்பது. வயோமிங் மலையடிவாரத்தில், எங்கள் டிரை ஃபோர்க் ஊரில், வேலைவெட்டி இல்லாதவன் மானத்தோடு சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரே வேலை அதுதான். குளிர்காலம் முடிகிற சமயத்தில் எல்க் மான்கள் கொம்பை உதிர்த்துவிட்டுப் போகும். மலை பொது நிலம். கண்டெடுத்தவனுக்குக் கொம்பு சொந்தம். ஆனால் மே முதல் தேதி காலை ஆறு மணிக்கு முன்னால் யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. எலும்பும் தோலுமாக நிற்கிற மானை அதற்கு முன் விரட்டினால் ஓடியே செத்துப்போகும். சட்டத்துக்குக் காரணம் இவ்வளவுதான். டெல்மர் கணக்கில், தன் திறமையைப் பார்த்துப் பொறாமைப்பட்டு அரசாங்கம் போட்ட சட்டம் அது.

அந்த வருஷம் கோணையன் வந்தான். ஒரு கொம்பு ஒழுங்காகவும் இன்னொன்று உடைந்த குடைக்கம்பி மாதிரி கீழே வளைந்தும் இருந்த கிழட்டு எல்க். ஊரே ரோட்டோரம் வண்டியை நிறுத்தி பைனாகுலரில் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. அந்த ஜோடிக் கொம்பு ஜோலீனின் சாப்பாட்டுக் கடைச் சுவரில் ஏறும். கீழே பலகையில் கண்டெடுத்தவன் பேரும் ஏறும். ஏற்கெனவே அங்கே தொங்குகிற பேர் லைல். டெல்மர் பெண்டாட்டி பாட்ஸியின் அண்ணன்.

தினமும் காலையில் டெல்மர் அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும்.

"மாப்ளே, தட்ட கொஞ்சம் தள்ளி வச்சுக்கங்க. எம் பேரு மேல இருக்கிற தூசி உங்க முட்டையில விழுந்துரப் போகுது" என்பான் லைல்.

வீட்டுக்குப் போனால் பாட்ஸி. "எங்கண்ணன் பேரு சுவத்துல இருக்கு. உங்க பேரு நம்ம தபால் பெட்டியில இருக்கு, அதுவும் பாதி அழிஞ்சு கெடக்கு."

டெல்மருக்கு வேறு ஆசை இல்லை. சாவதற்குள் அந்தப் பலகையில் தன் பேர்.

மார்ச்சில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூடைப்பந்துப் போட்டிக்காக ஊரே காஸ்பர் நகரத்துக்குக் கிளம்பிப் போனது. டெல்மருக்கு மட்டும் திடீரென்று முதுகுவலி. எல்லா வண்டியும் போன பிறகு முதுகு நிமிர்ந்தது. பேட்மிண்டன் மட்டை மாதிரி இருக்கும் பனிச்செருப்பைக் காலில் கட்டிக்கொண்டு கிழக்குச் சரிவில் ஏறினான். அவனைக் கண்டு மான்கள் வயிறளவு பனியில் தத்தளித்து ஓடின. 'ஓடட்டும், உடம்புக்கு நல்லது' என்று நினைத்துக்கொண்டான். வீட்டு ஏணியில் இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குகிற ஆள்.

கோணையனின் இரண்டு கொம்பும் கிடைத்தன. மேலே நின்ற தேவதாருக் கூட்டத்துக்கு அடியில் கிளையைப் போட்டு மூடி வைத்தான். மே ஒன்றாம் தேதி எல்லாரோடும் சேர்ந்து வந்து, 'அடடே!' என்று கண்டெடுப்பதாகத் திட்டம். இறங்கி வீடு சேர்வதற்குள் கனத்த பனி விழுந்து தடத்தையெல்லாம் மூடிவிட்டது. ஆண்டவனே கூட்டாளி என்று குப்புறப் படுத்துத் தூங்கினான்.

மே ஒன்று விடிந்தது. மலையடியில் கேட்டுக்கு முன்னால் நீள வரிசையாக வண்டிகள். டெல்மர் முதல் ஆள். பின்னால் லைல். அதற்கும் பின்னால் நெட்டி, பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள், தன் கோவேறு கழுதையோடு. வனக்காவலர் கோல்பி கேட்டில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

வெளிச்சம் மலையில் விழுந்ததும் யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னொருவர். டெல்மர் நிமிர்ந்து பார்த்தான்.

மிதித்த பனி இறுகிக் கட்டியாகும். சுற்றியுள்ள பொலபொலப் பனியை வெயில் தின்றுவிட்டாலும், மிதித்த இடம் மட்டும் கரையாமல் மேடாக நிற்கும். இந்த ஊரில் தவழ்கிற குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. திருடப் போகிறவனுக்கு எப்போதும் பனி பெய்வதுதான் ஞாபகம் இருக்கும். வெயில் அடிப்பது மறந்துவிடும். பழுப்பு மலைச்சரிவில், தட்டுத் தட்டாக, மட்டை மட்டையாக ஒரு வெள்ளைப் படிக்கட்டு கேட்டருகே தொடங்கி நேரே அந்தத் தேவதாருக் கூட்டத்தில் போய் முடிந்தது.

"என்ன மாப்ளே அது?" லைல் குரலில் தேன் சொட்டியது.

"மூஸ் மான் தடம்" என்றான் டெல்மர்.

"மூஸு பனிச்செருப்பு போட்டுக்கிட்டா போச்சு?"

"இடது கால இழுத்து இழுத்து நடந்திருக்கே அந்த மூஸு. பாவம், உங்கள மாதிரியே அதுக்கும் மூட்டு வலி போல" என்றாள் நெட்டி.

ஆறு மணி ஆயிற்று. கோல்பி கேட்டைத் திறந்தார். வழக்கமாக இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடுகிற கூட்டம் அன்று ஒரு அடி எடுத்து வைக்கவில்லை.

"நீங்க முன்னாடி போங்க டெல்மர். வழிதான் போட்டு வச்சிருக்கே" என்றார் கோல்பி.

பாதையில் ஏறினால் குற்றம் உறுதி. ஏறாவிட்டால் கொம்பு போச்சு. டெல்மர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, எதிர்ப்பக்கம், முயல்கூட எட்டிப் பார்க்காத மொட்டை ஓடைக்குள் இறங்கினான். அத்தனை பைனாகுலரும் அவன் முதுகிலேயே இருந்தன. கூழாங்கல்லைக்கூட எடுத்து எடுத்துப் பார்த்தான், தேடுகிறானாம். நெட்டி கழுதையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிற மாதிரி வெள்ளைப் பாதையில் நிதானமாக ஏறிப்போனாள்.

மத்தியானம் ஜோலீன் கடையில் உட்கார இடமில்லை. லைல் பலகை இறங்கிவிட்டது. கோணையன் கொம்பு சுவரில் ஏறியது. ஜோலீன் புதுப் பலகையும் பெயிண்டும் எடுத்து வந்தாள்.

"எம் பேரு மட்டும் போட்டா தப்பு. நான் பாதைய பாத்து ஏறுனவ, அவ்வளவுதான். 'கண்டெடுத்தது டெல்மர் ஹூபர், இறக்கிக் கொண்டுவந்தது நெட்டி'ன்னு போடு" என்றாள் நெட்டி.

மூலையில் உட்கார்ந்திருந்த டெல்மரின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. கோல்பி தட்டிலிருந்த ருபார்ப் இனிப்பு அப்பத்தில் கரண்டியைக் குத்தியபடியே சொன்னார். "டெல்மர், அதுக்கு நீங்க சரின்னு சொன்னா அபராதம் உண்டு. அப்புறம் பல வருஷத்துக்கு மலைப்பக்கம் கொம்பு பொறுக்க வர முடியாது. இல்லேன்னு சொல்லுங்க, நான் அப்பத்த சாப்பிட்டுட்டுக் கெளம்பறேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்ஸி கணவன் கையைப் பிடித்தாள். "இல்லேன்னு சொல்லுங்க. வாயத் தொறந்து ஒரே ஒரு தடவ, இல்லேன்னு."

டெல்மர் சுவரைப் பார்த்தான். கழற்றிய பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த லைலைப் பார்த்தான்.

"எழுது ஜோலீன்" என்றான். "ஆனா நெட்டி பேர விட கொஞ்சம் பெரிசா."

கோல்பி வாயைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார்.