சர்க்கரை நார்மல்

நகரப் பேருந்து ஓட்டிய அவருக்கு டிப்போவில் ‘நார்மல்’ என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. வருடா வருடம் நடக்கும் மெடிக்கலில் வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறியிருந்தால் டிரைவரை வண்டியிலிருந்து இறக்கி உள்வேலையில் போட்டுவிடுவார்கள். இவருக்குத் தொந்தி ஸ்டீயரிங்கில் இடிக்கும். ரிசல்ட் என்னவோ நார்மல்.

அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். மெடிக்கலுக்கு ஒரு வாரம் முன்பே சாப்பாட்டைப் பாதியாக்கி, இனிப்பைத் தொடாமல், ஷிப்ட் முடிந்ததும் நடந்தே வீட்டுக்கு வருவார். ரத்தம் கொடுத்த அன்று மத்தியானமே விட்டதையெல்லாம் பிடித்துவிடுவார் மனுஷன். கேட்டவர்களுக்கெல்லாம் வழியைச் சொல்லியும் கொடுத்தார். ரத்தத்தில் கொழுப்பு எக்கச்சக்கம் என்று அதே ரிசல்ட்டில்தான் போட்டிருந்தது. அதை யார் பார்த்தது? வண்டி ஓட்டும் வேலை போகாது என்றால் போதும், அவரவர் பாட்டுக்குப் போய்விடுவார்கள்.

பிறகு கால் வீங்கியது. நாளெல்லாம் உட்கார்ந்தே ஓட்டினால் வீங்கத்தான் செய்யும் என்றார். படுத்தால் மூச்சு முட்டியது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி தூங்கினார். மனைவி தலைதலையாக அடித்துக்கொண்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில், பஸ் நிலையத்தில் வண்டியிலிருந்து இறங்கியவர் அடுத்த அடி எடுத்து வைக்க முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்டக்டர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

இதயத்துக்கு ரத்தத்தைத் தள்ளும் பலம் குறைந்துவிட்டது என்றார் டாக்டரம்மா. சர்க்கரை எப்போதும் நார்மல்தானே என்று மனைவி கேட்டாள்.

“நார்மல்தாம்மா. ஆனா அதை நார்மலா வைக்க அவர் உடம்பு இன்சுலினைக் கொட்டிக்கிட்டே இருந்திருக்கு. இன்சுலின் சொன்னா உடம்பு கேக்கல. இடுப்புச் சுத்தளவும் ரத்தக் கொழுப்பும் அதைத்தான் காட்டுது.”

அப்படிப்பட்டவர்களுக்கு இதயம் பலவீனமாகும் ஆபத்து கூடுதல் என்றார்; அது ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் முன்பே தெரிந்திருந்தால் எவ்வளவோ செய்திருக்கலாம். இனி பஸ் ஓட்டக்கூடாது என்றும் சொன்னார். அவர் “சரிங்க” என்றார். சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டார். கதவை இழுக்க வேண்டுமா தள்ள வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.

வீட்டிலும் அப்படித்தான். கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டார். டிவி ஓடினால் பார்த்தார், அணைத்தால் சுவரைப் பார்த்தார். வருத்தம் வரும் வரும் என்று அவரே காத்திருந்தார். வரவில்லை. ஒருமுறை அவரைப் பிடித்து உலுக்கலாமா என்றுகூட மனைவிக்குத் தோன்றியது.

அந்தச் சமயத்தில்தான் மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி, அதே டிப்போவில் டிரைவர். அக்கா வீட்டில் வளர்ந்தவன். இவர் மடியில் உட்கார்ந்துதான் முதன்முதலில் ஸ்டீயரிங் பிடித்தான். இப்போது அவன் பெல்ட்டும் தொந்திக்குக் கீழே இறங்கியிருந்தது. அடுத்த வாரம் மெடிக்கலாம்; எந்தெந்த நாள் எதை நிறுத்த வேண்டும் என்று கேட்டான்.

“சொல்லமாட்டேன். நல்லா சாப்ட்டுட்டே போ. கொழுப்பு எவ்வளவுன்னு கேளு, இடுப்ப அளக்கச் சொல்லு.”

மச்சினன் சிரித்தான். பிறகு சிரிப்பு போய்விட்டது. “உங்களுக்கு வண்டி போச்சுன்னா எனக்கும் போகணுமா மாமா?”

மனைவி தம்பியை அதட்டினாள். அந்தப் பொறாமையும் கொஞ்சம் இருக்கிறதோ என்று அவர் தனக்குள் தேடிப் பார்த்தார். இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

“அவன் வேலை போனாலும் போகட்டும், சொல்லிடாதீங்க” என்றாள் மனைவி.

மச்சினன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டான்.

“நீங்க சொல்லலைன்னா என்ன மாமா? டிப்போல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. எல்லாருக்கும் நீங்கதானே கத்துக் குடுத்தீங்க.”