குடித்தவரைப் பிடித்து வைக்கலாமா, கூடாதா?

கிளாஸும் தண்ணீரும் சுண்டலும் நாம் கொடுப்போம், நம் பரம்பரையையே இழுத்து அவர்கள் திட்டுவார்கள். இதற்குப் பெயர்தான் பார் தொழில்.

ஓட்டல் வைத்திருப்பவர்கள், பஸ் கண்டக்டர்கள், கல்யாண மண்டபத்து மேனேஜர்கள் என்று போதை ஏறிய ஆளிடம் சட்டைக் காலரைக் கொடுத்த அத்தனை பேரும் என் கட்சி. உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். சந்தையில் மாட்டுத் தரகு பார்த்து, ஏமாந்து, அடிபட்டு, பேரம் பேசிப் பேசியே மேலே வந்து, இப்போது சங்ககிரியில் பைபாசை ஒட்டி, அரசாங்க மதுக்கடைக்குப் பக்கத்தில் பார் எடுத்து நடத்துகிறேன். ஒரு சொட்டுக் குடிக்க மாட்டேன். கோபம் மட்டும் குடிக்காமலே ஏறிவிடும். "ரகளை செய்கிறவனை ஊழியர்கள் பிடித்து வைக்கலாமா?" என்று படித்தவர்கள் டிவியில் உட்கார்ந்து விவாதிக்கலாம். எனக்கு அந்தக் கேள்வி மத்தியானம் கடை திறந்ததுமே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரில் வந்து நிற்கும்.

இன்ஸ்பெக்டர் போட்ட கண்டிஷன்

ஒரு டிப்பர் டிரைவர், மிளகாய் பஜ்ஜி காரமாக இருக்கிறது என்று தட்டோடு என் மேல் எறிந்தார். மிளகாய் காரமாக இல்லாமல் கல்கண்டாகவா இருக்கும்? அவர் கையைப் பின்பக்கமாக லேசாக மடக்கி, வாசலில் கொண்டுபோய் விட்டேன். இன்றைக்கும் சொல்கிறேன், லேசாகத்தான். மறுநாள் தோளில் கட்டுப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். குரலை உயர்த்தவே இல்லை. "இனிமே நீயோ உன் ஆளோ எவனையாவது அடிச்சதா ஒரு கம்ப்ளைண்ட் வந்துச்சு, பாரை மூடச் சொல்லி மேல எழுதிடுவேன்" என்றார். இருந்த காடு தோட்டத்தை விற்று எடுத்த பார் அது. போனால் திரும்பவும் சந்தையில் மாட்டு வாலைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். "அவன் என்னைய அடிச்சாலுங்களா சார்?" என்று கேட்டேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டு அவர் சொன்னது: "வாங்கிக்கிட்டு நேரா இங்க வந்துரு. உடம்பு வலி ரெண்டு நாள்ல போயிரும்யா, கேஸு போகாது."

லோடுமேன் மாரப்பன்

அடிக்காமல் ஆளை அப்புறப்படுத்த ஒரு பவுன்சர் தேவைப்பட்டது. கோயமுத்தூரிலிருந்து கறுப்பு டீஷர்ட் போட்டுக்கொண்டு வந்தவர்கள் கேட்ட சம்பளத்துக்கு நானே பவுன்சராகப் போய்விடலாம். கடைசியில் லாரிப் பட்டறைப் பக்கம் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த மாரப்பனைப் பேசிக் கூட்டிவந்தேன். ஆள் மலை, பேச்சு வெண்ணெய். அவருக்குத் தெரிந்தது ஒரே வேலை: முதுகில் வாங்குவது, வண்டியில் ஏற்றுவது.

முதல் நாளே, வழக்கமாக வரும் ஒருவர் மேசை மேல் ஏறி ஆட ஆரம்பித்தார். மாரப்பன் நேராக அங்கே போனார். மேசைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றார். ஆட்டக்காரர் தள்ளாடி அந்த முதுகில் சாய்ந்தாரோ இல்லையோ, சிமெண்ட் மூட்டை மாதிரி வெளியே போய்விட்டார். ஒரு அடி இல்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "எங்கய்யா உட்டே?" என்று கேட்டேன். "வெளிய ஒரு லாரி காலியா நின்னுதுங்ணா. ஏத்திப் படுக்க வெச்சு, பின்னாடிக் கதவையும் நல்லாச் சாத்திட்டேனுங்க" என்றார். கை பழகிய வேலையைக் கை செய்துவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் லாரியைக் காணோம்!

அடிதடி கேஸுக்குப் பயந்து ஆள் கடத்தல் கேஸில் மாட்டிக்கொண்டோமே என்று வியர்த்து உட்கார்ந்திருந்தேன். பொழுது இறங்கும் நேரத்தில் அந்த ஆளே போன் செய்தார். கும்பிட்டுக்கொண்டே எடுத்தேன். அவர் சொன்னது: "அண்ணா, பவானிலதானுங்க எங்க ஊடு. பஸ்ஸுக்குக் கால் கடுக்க நிக்காம, காத்தாடக் கொண்டாந்து எறக்கி உட்டுட்டீங்க. நாளைக்கும் இதே வண்டிதானுங்களா?"

துண்டுக்கு அடியில்

மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, அமுக்கினால் ஒரு கணக்கு. சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் விளங்காது. கை மேல் துண்டு விழுந்துவிட்டால் இரண்டு பேரும் சத்தம் போடக் கூடாது. அது சந்தை மரியாதை.

மாரப்பன் லீவில் இருந்த அன்றைக்குச் சந்தை முடிந்து ஒரு மாட்டு வியாபாரி வந்தார். பாதிக் கச்சேரியில் எழுந்து, பிளாஸ்டிக் நாற்காலியை ஒரு கையால் தலைக்கு மேலே தூக்கி, "எவன்டா என்ற செருப்ப எடுத்தது?" என்று கத்தினார். செருப்பு அவர் காலில்தான் இருந்தது. அதைச் சொன்ன குற்றத்துக்கு இன்னொரு கையால் என் சட்டையைப் பிடித்தார். என் கை ஓங்கிவிட்டது. பாதி வழியில் இன்ஸ்பெக்டர் முகம் தெரிந்தது. ஓங்கிய கையை எங்கேயாவது கொண்டுபோய் வைக்க வேண்டுமே! தோளில் கிடந்த துண்டை உருவி, சட்டையைப் பிடித்திருந்த அவர் கை மேல் போட்டு, அடியில் கையை நுழைத்து விரலைப் பிடித்தேன்.

சுவிட்சை அணைத்த மாதிரி ஆள் அடங்கிவிட்டார். நாற்காலி தானாகக் கீழே வந்தது. முகத்தில் ஒரு வியாபாரக் களை. அவர் என் விரலை அமுக்கினார். நான் குறைத்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ஏற்றினார். பார் முழுக்க மூச்சு விடாமல் பார்க்கிறது. விரலாலேயே இழுபறி நடத்திக்கொண்டு, ஒவ்வொரு அடியாக அவரை வாசலுக்கு நகர்த்தி, ஆட்டோவுக்குப் பக்கத்தில் பேரத்தை முடித்தேன். கும்பிடு போட்டுவிட்டு ஆட்டோவில் ஏறியவர், தலையை வெளியே நீட்டிச் சொன்னது: "வெல எனக்குக் கட்டுபடிதானுங்க. ஆனா வித்தது நீங்களா நானா, எந்த மாடுங்கறத நாளைக்கு வந்து கேட்டுக்கறேன்."

நாங்கள் ஆலோசித்த நேரம்

எல்லாவற்றுக்கும் துண்டு உதவாது. ஒரு நாள் இரண்டு பேருக்குள் ஏதோ சீட்டாட்டச் சண்டை. ஒருவர் பாட்டிலை மேசை விளிம்பில் அடித்து உடைத்து, அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். மாரப்பன் அவருக்கு நேர் பின்னால்தான் நின்றார். யார் மேலும் கை வைக்கக் கூடாது என்று தினமும் நான் ஓதியிருந்ததால், என்னைப் பார்த்து, "அண்ணா, புடிக்கட்டுங்களா, வேண்டாமுங்களா?" என்று கேட்டார். நான் மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தேன். பிடித்தால் பார் போகும். விட்டால் உயிர் போகும்.

சமையல் கட்டிலிருந்து செல்வியக்கா வந்தார். எங்கள் பாரில் ஆம்லெட் போடுபவர். கையில் முட்டையும் வெங்காயமும் பச்சை மிளகாயும் அடித்து வைத்த குண்டா. அப்படியே அந்த ஆளின் தலையில் கவிழ்த்தார். கண், மூக்கு, மீசை எல்லாம் ஆம்லெட். பாட்டில் வழுக்கிக் கீழே விழ, அதற்குப் பிறகுதான் மாரப்பன் பின்னாலிருந்து அவரைக் கட்டிப் பிடித்து நிறுத்தினார். பச்சை மிளகாய் கண்ணில் பட்டு அவர் அலறின அலறலில், எதிரே நின்றவரே தண்ணீர் மொண்டுவந்து முகத்தைக் கழுவிவிட்டார். உடைந்த பாட்டிலைக் கண்டால் யோசிக்காமல் பிடி, வாய்ச் சவடால் என்றால் விட்டுத் தொலை என்று அன்றைக்குத்தான் எனக்குள் ஒரு முடிவுக்கு வந்தேன். அதை மாரப்பனுக்கு விளக்கப் போனபோது, காலிக் குண்டாவைத் தூக்கிக்கொண்டு செல்வியக்கா சொன்னது: "நீங்க ரெண்டு பேரும் கூட்டம் போட்டுப் பேசி முடிக்கறதுக்குள்ள, இங்க ஒரு கொல உழுந்து காரியமே முடிஞ்சிருக்கும் சாமி."

வீடியோ எடுக்க வந்தவர்

என் பார் மேல் கண் வைத்திருந்த ஆள் ஊரில் ஒருவர் உண்டு. நான் மூடினால் அவர் எடுத்துவிடலாம். அவர் அனுப்பித்தான் ஒரு புது முகம் வந்தது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். வந்தவர் ஒரு சோடா மட்டும் சொன்னார். செல்போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து, என்னைப் பார்க்க நிறுத்தி வைத்தார். பிறகு ஆரம்பித்தார். என் மூஞ்சியைச் சொன்னார், பொறுத்தேன். என் சாதி சனத்தைச் சொன்னார், பல்லைக் கடித்தேன். செல்வியக்காவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள், அதற்கு மேல் எனக்கு இன்ஸ்பெக்டராவது ஒன்றாவது. கல்லா மேசையைத் தாண்டிக் குதித்துவிட்டேன்.

அவர் மேல் என் நிழல்தான் விழுந்திருக்கும். அதற்குள் மாரப்பன் என் இடுப்பைப் பிடித்துவிட்டார். மேசைக்கு மேசை ஆட்கள் எழுந்து வந்தார்கள். ஒருவர் வலது கை, ஒருவர் இடது கை. நிற்கவே முடியாத ஒருவர் என் காலைக் கட்டிக்கொண்டார். என்னைத் தடுக்கவா, தான் விழாமல் இருக்கவா என்று கேட்க இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை. "உடுங்கடா என்னைய!" என்று நான் திமிறுகிறேன். "பொறுங்ணா! இந்த பார் போச்சுன்னா நாங்க எங்கீங்ணா போவோம்?" என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். ஒருவர் என் வாயில் மோர் ஊற்றினார். புது முகம் செல்போனை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார்.

முடிந்தது என்றுதான் நானும் போனேன். இன்ஸ்பெக்டர் வீடியோவை முழுக்கப் பார்த்தார். திரும்ப முதலிலிருந்து போட்டார். மீசை துடித்தது, கோபம் என்று நினைத்தேன். "உன்னை யாராச்சும் தொட்டாங்களாய்யா?" என்று புது முகத்தைக் கேட்டார். "இல்லைங்க, ஆனா..." "அப்ப கெளம்பு." பிறகு போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நடுவில் நான் சினிமா வில்லன் மாதிரி உறுமுகிறேன். சுற்றிலும் குடித்தவர்கள் அத்தனை பேரும் பொறுப்பான குடும்பத் தலைவர்களாக என் முதுகைத் தடவிக்கொண்டு நிற்கிறார்கள். பார் பிழைத்தது. அடக்கி வைத்த சிரிப்பெல்லாம் வெடிக்க, இன்ஸ்பெக்டர் சொன்னது: "குடிச்சவன் எல்லாம் நிதானமாத்தான்யா இருக்கான். குடிக்காத உன்னைப் புடிச்சு வைக்கத்தான் அங்க ஆள் வேணும்."

ஆகவே, தோழர்களே, பாரில் ஆளைப் பிடித்து வைக்கலாமா கூடாதா என்று இனி யாராவது கேட்டால், தாராளமாகப் பிடிக்கலாம், கல்லாவில் உட்கார்ந்திருப்பவனிடமிருந்து ஆரம்பியுங்கள் என்றுதான் சொல்வேன்.