பின்சக்கரத்துக்கு ஒரு டயர்

கொட்டகையில் அவருக்கு மிச்சக்காரர் என்று பெயர். யார் வைத்தார்களோ தெரியாது, பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். மனிதர் எதையும் தூக்கிப் போடமாட்டார். கிழிந்த ட்யூபை வெட்டி ரப்பர் வளையம் செய்வார். தேய்ந்த பிரேக் கட்டையைக் கதவுக்கு ஆப்பாக வைப்பார். மரை போன போல்ட்டுகளுக்கென்றே ஒரு பிஸ்கட் டின் வைத்திருந்தார். இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், "கிடக்கட்டும், சோறா கேக்குது?" என்பார்.

சுகாதார அலுவலகத்து வாகனக் கொட்டகையில் அவருக்கு இருபத்தாறு வருட வேலை. ஆரம்பத்தில் ஜீப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழையில் மலைச்சாலை சரிந்து ஜீப் ஏற வழியில்லாமல் போன பிறகு, மேலே இருக்கும் ஐந்து மருந்தகங்களுக்கும் தடுப்பு மருந்து சைக்கிளில் போனது. பன்னிரண்டு வருடம் ஆட்கள் மூச்சு வாங்க மிதித்தார்கள். அதற்கப்புறம்தான் பேட்டரி சைக்கிள்கள் வந்தன. மலைப்பாதைக்கென்றே செய்தவை. பருத்த டயர், பெடலுக்கு நடுவே மோட்டார், பின்னால் குளிர்பெட்டி வைக்க ஒரு தாங்கி. ஏழு வண்டிகளும் வந்து இறங்கிய அன்று மிச்சக்காரர் புதுப் பெண்ணைப் பார்க்க வந்தவர் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பாவும் அம்மாவும் சீக்கிரமே போய்விட, தங்கையை வளர்த்தது அவர்தான். அவளுக்கு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டது தள்ளிப்போட்டதாகவே நின்றுவிட்டது. தங்கைக்கு மாப்பிள்ளையும் கொட்டகையிலேயே கிடைத்தான். மருந்துப்பெட்டி கொண்டுபோகும் பையன்களில் ஒருவன், வாய் ஓயாமல் பேசுகிறவன், வேலையில் சுத்தம். அவர்கள் வீடு மிச்சக்காரரின் அறைக்கு நாலு தெரு தள்ளி இருந்தது. தினமும் சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்புவார். வீடு என்று அவர் வாயில் வந்தால் அது தங்கை வீடுதான்.

இனி டயர் விஷயத்துக்கு வருகிறேன். சைக்கிள் தெரிந்தவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. புது டயர் வாங்கினால் அதை முன்சக்கரத்தில் போடுவார்கள். முன்னால் இருந்த பாதி தேய்ந்ததைப் பின்னால் தள்ளுவார்கள். பின்சக்கரம் வழுக்கினால் எப்படியாவது சமாளித்துவிடலாம், முன்சக்கரம் வழுக்கினால் ஆள் தரையில். நியாயமான யோசனைதான். பன்னிரண்டு வருடம் அவர் அப்படித்தான் மாற்றி மாற்றிப் போட்டார், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு டயரும் வீணாகவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

பேட்டரி சைக்கிளுக்கு அது ஆகாது. மோட்டாரின் இழுப்பு முழுக்கப் பின்சக்கரத்தில் விழுகிறது. ஆளின் கனமும் மருந்துப்பெட்டியின் கனமும் அதன் மேல்தான். அதனால் பின் டயரின் பக்கச்சுவரை இரட்டை மடிப்பாகத் தடித்துச் செய்கிறார்கள். முன் டயருக்கு ஒற்றை மடிப்புதான், மெல்லியது. வண்டியோடு வந்த புத்தகத்தில் படம் போட்டு இது விளக்கியிருந்தது. மிச்சக்காரர் அந்தப் புத்தகத்தை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் கொடுத்திருந்தார். இருபது வருடம் வேலை பார்த்தவனுக்குப் புத்தகம் என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறது என்ற நினைப்பு.

போன மழைக்காலத்தில் மாப்பிள்ளையின் வண்டிக்குப் பின் டயர் மொட்டையானது. இன்னொரு வண்டியின் முன்சக்கரத்தில் ஓடிய டயர் ஒன்று, தரையைப் பிடிக்கும் பூ பாதி தேய்ந்து, கிடந்தது. அதை எடுத்துப் பின்னால் மாட்டினார். மாட்டும்போது, "இன்னும் மூணு மாசம் தாங்கும் மாப்பிள்ளே," என்றும் சொன்னார். ஒன்பதாம் நாள் காலை, இறக்கத்தில் மூன்றாவது வளைவில், ஒரு கூர்ங்கல் பக்கச்சுவரைக் கிழித்தது. காற்று மொத்தமும் போய்ச் சக்கரம் பக்கவாட்டில் ஓடியது. வண்டியும் பெட்டியும் காலின் மேல் விழுந்தன. முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதாகிவிட்டது.

கிடந்த வண்டியைக் கொண்டுவர மிச்சக்காரர்தான் போனார். கிழிசலைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. கொட்டகைக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த டயரைக் கழற்றிவிட்டு நல்லதாக ஒன்றை மாட்டினார். அப்படிச் செய்யவேண்டும் என்று அவர் தீர்மானித்த நேரம் எதுவென்று பின்னால் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறார், பிடிபடவில்லை. கைகள் செய்தன, அவர் நின்று பார்த்தார். மறுநாள் விசாரிக்க வந்த அதிகாரி வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, 'வேகம்' என்று எழுதிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மாப்பிள்ளையும், "வேகமாத்தான் வந்திருப்பேன் சார்," என்றான். அது பொய்யில்லை. அவன் அப்படித்தான் நம்பினான்.

பதினோரு மாதம் ஓடியது. வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவன் வாயை மூடிக்கொண்டான். ஊன்றுகட்டையைச் சுவரில் சாய்த்து வைத்தான், எடுக்கவே இல்லை. தன் தப்பால்தான் கால் போனது, பெட்டியில் இருந்த அத்தனை மருந்தும் மண்ணில் கொட்டிப்போனது என்று அவனுக்கு உறுத்தல். மிச்சக்காரர் வழக்கம்போல் சாயங்காலம் போனார், உட்கார்ந்தார், சாப்பிட்டார், வந்தார். சொல்லிவிட வேண்டும் என்று வாசல் வரைக்கும் நினைத்துக்கொண்டே போவார். உள்ளே போனதும் மென்று முழுங்கிவிடுவார். சொன்னால் அந்த வீட்டுக்கு இனி எந்த முகத்தோடு போவது? போக வேறு வீடும் அவருக்கு இல்லை.

கொட்டகையில் அதற்குப் பிறகு முன் டயர் எதுவும் பின்னால் போகவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மேஜை மட்டும் மறுபடி ஆட ஆரம்பித்திருந்தது.

இப்படி இருக்கையில் புருஷனின் வேலையைத் தங்கைக்குக் கொடுத்தார்கள். அதே வழி, அதே வண்டி. ஒரு மாதமாக மைதானத்தில் ஓட்டிப் பழகியிருந்தாள். திங்கட்கிழமை முதல் மலையேற வேண்டும். சனிக்கிழமை காலை, கூந்தலை இறுக்கி முடிந்துகொண்டு கொட்டகைக்கு வந்தாள்.

"அண்ணே, பின் டயர் மொட்டையா இருக்கு. எதைப் போடப் போறே?"

ஸ்டோர் சுவரில் மூன்று தொங்கின. ஒன்று லேசானது, ஒற்றை மடிப்பு, சின்னச் சின்னப் பூ, நன்றாக உருளும், பேட்டரியும் நெடுநேரம் தாங்கும். இரண்டாவது மெத்தென்ற ரப்பர். ஈரக் கல்லிலும் பிடிக்கும், ஆனால் இரண்டு மாதத்தில் கரைந்துவிடும். மூன்றாவது கனமானது, இரட்டை மடிப்பு, பூக்கள் கட்டை விரல் தடிமன். மாட்டுவதற்குள் நகம் பெயர்ந்துவிடும், பேட்டரியையும் தின்னும்.

"கனமானது," என்றார்.

"அவரு லேசானதைப் போடச் சொன்னாரு. கனமானதைப் போட்டா கடைசி மருந்தகத்துக்கு முன்னாடியே பேட்டரி இறங்கிடுமாம். அப்புறம் பெட்டியோட தள்ளிக்கிட்டுத்தான் போகணுமாம்."

"தள்ளினாப் பரவாயில்லே."

"ஏன்?"

"நான் சொல்றேன்ல."

"அண்ணே, நீ பட்டறைக்குள்ள இருக்கிறவன். அவரு அந்த வழியில வருஷக்கணக்கா ஓட்டினவரு. டயரு மேல தப்பே இல்லே, நான் வந்த வேகம்தான் தப்பு, நீ மெதுவாப் போ, லேசானதே போதும்னு காரணத்தோட சொல்றாரு. நீ நான் சொல்றேன்ல, நான் சொல்றேன்லன்னா எப்படி?"

அவள் எக்கி லேசான டயரை ஆணியிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். மிச்சக்காரர் அந்தத் தோளைப் பார்த்தார். ஒற்றை மடிப்பு. மூன்றாவது வளைவு. கெஞ்சியோ அதட்டியோ இந்த ஒரு தடவை கனமானதை மாட்டிவிடலாம். அடுத்த தடவை? அதற்கடுத்த தடவை? தன் தப்பில் முளைத்த பொய் இப்போது தங்கையின் தோளில் ஏறி மலைக்குப் போகப் பார்க்கிறது என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"அதை வை," என்றார். "வீட்டுக்குப் போலாம். மாப்பிள்ளையை வச்சுக்கிட்டுப் பேசணும்."

ஏணி போட்டுப் பரணில் ஏறினார். பழைய சாக்குகளுக்குப் பின்னாலிருந்து ஒரு மூட்டையை இறக்கினார். எத்தனையோ முறை அதைப் பழைய இரும்பு வண்டியில் ஏற்றிவிட வாய்ப்பிருந்தது. ஏற்றியிருந்தால் ஈ காக்கைக்குத் தெரிந்திருக்காது. எதையும் தூக்கிப் போடாத கை இதையும் போடவில்லை.

அவர் மூட்டையையும் கனமான டயரையும் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, தங்கை வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தாள்.

மாப்பிள்ளை ஜன்னல் பக்கத்து நாற்காலியில் இருந்தான். ஜன்னல் சாத்தியிருந்தது. அறையில் களிம்பு வாடை. மிச்சக்காரர் மூட்டையைப் பிரித்து, உள்ளே இருந்ததை அவன் மடியில் வைத்தார்.

"என்ன மச்சான் இது?"

"பாரு."

அவன் பார்த்தான். கண்ணால் பார்த்தது கொஞ்சம்தான். கை பார்த்தது. கட்டை விரல் கிழிசல் வழியாகப் போய், பக்கச்சுவரைக் கிள்ளித் தடிமன் பார்த்து, மேலே புடைத்திருந்த எழுத்தின் மேல் வந்து நின்றது. அம்புக்குறி. பக்கத்தில், முன்சக்கரத்துக்கு என்று.

"இது என் வண்டிப் பின்னால இருந்தது," என்றான். கேள்வியாகக் கேட்கவில்லை.

"ஆமா மாப்பிள்ளே. முன்னால ஓடினதை எடுத்துப் பின்னால நான்தான் மாட்டினேன். தாங்காதுன்னு புத்தகத்துல போட்டிருந்தது, நான் படிக்கலே. அதிகாரி வர்றதுக்கு முன்னாடி கழட்டி ஒளிச்சு வச்சதும் நான்தான். உன் வேகத்துல ஒண்ணும் இல்லே."

தங்கை வாசலில் வண்டியைப் பிடித்தபடியே நின்றாள்.

"தினமும் சாயங்காலம் வந்தியே அண்ணே. இதே இடத்துல உக்காந்து சாப்பிட்டியே. அவரு என் தப்பு, என் தப்புன்னு சொல்றப்ப எல்லாம் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே."

அழுதுவிட்டால் கொஞ்சம் தேவலையாக இருக்கும், ஆனால் இந்த வீட்டில் அழும் உரிமை தனக்கு இல்லை என்று மிச்சக்காரர் நினைத்தார்.

மாப்பிள்ளை இன்னும் டயரைத்தான் தடவிக்கொண்டிருந்தான். "கண்ணை மூடினா அந்த வளைவுதான்," என்றான். யாரிடம் சொல்கிறான் என்று தெரியாத குரல். "ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெதுவா வந்து பாக்குறேன். போன தடவையை விட மெதுவா. நடக்கிற மாதிரி மெதுவா. எவ்வளவு மெதுவா வந்தாலும் விழுறேன். எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சோன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

பக்கத்து வீட்டில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள்.

"இதைத் தூக்கிக்கிட்டுத் திங்கட்கிழமை ஆபீசுக்குப் போ," என்றான் கடைசியில். "நீயே உன் கையால எழுதிக் கொடு. வேகம்னு எழுதினதை அவங்க அடிக்கணும்."

"போறேன்."

"அந்தக் கட்டையை எடு."

தங்கை ஊன்றுகட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவன் ஊன்றி எழுந்தான், தடுமாறினான், நின்றான். வாசல் வரைக்கும் போய் நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டான். பின்சக்கரத்தைக் கழற்றித் தரச் சொல்லி, மொட்டை டயரை உருவி எறிந்தான். கனமான டயரின் பக்கச்சுவரைக் கிள்ளிப் பார்த்தான். அம்பு எந்தப் பக்கம் என்று இரண்டு முறை பார்த்தான்.

"இதான் சரி," என்று பெண்டாட்டியிடம் சொன்னான். "பேட்டரி கொஞ்சம் முன்னாடியே இறங்கும். நாலாவது மருந்தகத்துல கால் மணி நேரம் சார்ஜ் போட்டுக்க. லேசானதைப் போடுன்னு இனி நான் சொன்னாலும் கேக்காதே."

முரட்டு டயர் அது. ஒரு பக்கம் ஏறியது. மறுபக்கமும் ஏறிக்கொண்டே வந்து கடைசி ஒரு சாணில் மக்கர் செய்தது. இங்கே அமுக்கினால் அங்கே கழன்றது. நெற்றி வியர்த்து, விரல் முட்டி சிராய்த்துவிட்டது. மிச்சக்காரர் இரண்டடி தள்ளி நின்றார். கை பரபரத்தது. கூப்பிடாமல் தொடக்கூடாது என்று பிடித்துவைத்துக்கொண்டார். தங்கை அவரைப் பார்க்காமல் உள்ளே போய்ச் சாத்தியிருந்த ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

"இந்தப் பக்கம் அமுக்கிப் பிடி," என்றான் மாப்பிள்ளை, தலையைத் தூக்காமல்.

மச்சான் என்று சொல்லவில்லை. இனி எப்போது சொல்வானோ, சொல்லாமலே இருந்துவிடுவானோ. மிச்சக்காரர் தரையில் மண்டியிட்டு, இரண்டு கட்டை விரலாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.