திதி தெரியாதவனுக்கு ஒரு கல்வெட்டு

2009இல் இல்ஃபோர்ட்டில் எங்கள் வீட்டு மேலறையை ஹவாய்த் தீவிலிருந்து வந்த ஒரு பேராசிரியைக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தோம். தன் மொழியின் பழைய பத்திரிகைகளை ஆங்கிலத்தில் பெயர்ப்பதுதான் அவருடைய வாழ்நாள் வேலை. முன்னொரு காலத்தில் அந்தத் தீவுகளின் அரசனும் அரசியும் லண்டனுக்கு வந்து, சின்னமுத்து என்கிற அம்மைநோய் கண்டு இங்கேயே இறந்துபோனார்களாம். கூட வந்தவர்கள் எழுதிய கடிதம் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று தேட வந்திருந்தார். பகலெல்லாம் காப்பகம், மாலையில் எங்கள் தலைக்கு மேலே நடை. உட்கார்ந்து மொழிபெயர்க்க அவருக்கு வராது. ஒரு வரியை வாய்விட்டுச் சொல்லியபடி அறையின் இந்தத் தொங்கலுக்கும் அந்தத் தொங்கலுக்கும் நடப்பார். அது காலில் பிடிபட்ட பிறகுதான் பென்சிலைத் தொடுவார். பலகைத் தரை கிரீச்சிட்டு எங்கள் உயிரை எடுக்கும்.

நான் பொறுத்துக்கொண்டேன். தபால் பிரிக்கும் இடத்தில் ஷிப்ட் வேலை செய்தாலும், என்னை நம்முடைய சனத்துக்குக் கல்வெட்டு எழுதுகிறவனாகத்தான் தெரியும். கல்லும் உளியும் அல்ல. செத்தவீட்டின் முப்பத்தோராம் நாள் வந்தவர்கள் கையில் கொடுக்கிற சிறு புத்தகம். படம், வாழ்க்கை வரலாறு, பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல். உயிரோடு இருந்தபோது எட்டியும் பார்க்காத மருமகன் என் பாட்டில் தலையில் அடித்துக் கதறுவார். எல்லாவற்றுக்கும் முன்னே திதி வெண்பா வரும். எந்த ஆண்டு, எந்த மாதம், எந்தத் திதியில் போனார் என்று அது சொல்லும். திதி வெண்பா இல்லாமல் ஒரு கல்வெட்டும் நான் எழுதியதில்லை.

அந்த வருடம் போர் முடிந்த மே மாதத்தோடு என் மனைவியின் தம்பியிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. கடைசிவரை வன்னியில் நின்றவன். முகாமிலிருந்து பேசக் கிடைத்தவர்களையெல்லாம் விசாரித்தோம். மனைவி குளிக்கப் போனாலும் போனைக் கொண்டுபோனாள். குளிர் தொடங்கும் நேரம் நோர்பரியில் இருக்கும் அவளுடைய அண்ணன் தம்பியின் படம் ஒன்றோடு வந்தார். திதி தெரியாவிட்டால் காரியத்தை அமாவாசையில் செய்யலாம் என்று ஐயர் சொல்லிவிட்டாராம். ஆத்மாவை அந்தரிக்க விடக்கூடாது, கல்வெட்டை நான்தான் எழுதித் தரவேண்டும் என்றார். அவர் கெட்டவரல்ல. காத்திருந்து களைத்துவிட்டார், எங்காவது அழுது முடிக்க வேண்டும் போல இருந்தது அவருக்கு. மனைவி ஒன்றுதான் கேட்டாள்.

"ஆர் அண்ணை கண்டது?"

அவர் தேநீரைக் குடித்துவிட்டு, படத்தை மேசையில் விட்டுப் போய்விட்டார். எழுதாவிட்டால் மச்சானோடு பகை. எழுதினால் சொந்த வீட்டில் தலை நிமிர்த்த முடியாது. அவன் போய்விட்டான் என்றுதான் நானும் உள்ளுக்குள் நம்பினேன். அதை அவளிடம் சொல்லப் பயந்தேன்.

ஒரு ஞாயிறு மாலை பேராசிரியை கீழே இறங்கி வந்தார். படத்தைப் பார்த்து யாரென்று கேட்டார். சொன்னேன். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவருடைய தாய் தகப்பன் பள்ளிக்கூடத்தில் தங்கள் மொழி பேசி அடி வாங்கியவர்கள். அதனால் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கவில்லை, தங்களுக்குள் மட்டும் பேசிக்கொண்டார்கள். தாய் இறந்த அன்று அந்த மொழியில் அழத் தெரியாமல் பக்கத்தில் நின்றாராம். பிறகுதான் படிக்கத் தொடங்கினார். அவருடைய நாட்டிலும் அந்நாளில் சனம் இறந்தவர்களுக்குப் புலம்பல் எழுதிப் பத்திரிகையில் போட்டிருக்கிறது. மேலே நடந்து நடந்து பெயர்ப்பது அதைத்தான் என்றார். கணவனை இழந்த ஒருத்தியின் புலம்பலைத் தன் மொழியில் சொல்லிவிட்டு ஆங்கிலத்திலும் சொன்னார். அதில் திதியே இல்லை. இருவரும் சேர்ந்து போன இடங்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, இன்ன மலையடியின் மழையில் என்னோடு நனைந்தவனே என்ற மாதிரி.

அடுப்படியில் நின்ற மனைவிக்கு அதைத் தமிழில் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

"உயிரோட இருக்கிற ஆளுக்கும் இப்பிடிப் பாடலாமோ எண்டு கேளுங்கோ."

கேட்டேன். பேராசிரியை அவளைப் பார்த்துத் தலையாட்டினார். இல்லை, இது இறந்தவர்களுக்கு மட்டும்தான் என்றார். எனக்கு அவர்மேல் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும்? சரி, நானாவது மாற்றிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் தலையாட்டியதை மனைவி பார்த்துவிட்டிருந்தாள்.

அவள் எங்களுக்கு முதுகு காட்டிக் கோப்பை கழுவத் தொடங்கினாள். கழுவிக்கொண்டே, தம்பியோடு தான் போன இடங்களைச் சொல்லத் தொடங்கினாள். எங்களுக்குச் சொல்வதாகத் தெரியவில்லை. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வெயிலோ மழையோ இருந்தது. பேராசிரியைக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் கையிலிருந்த கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். இத்தனை வருடம் யார் யாருக்காகவோ அழுது எழுதிய எனக்கு இப்படி ஒரு வரி வாய்த்ததில்லை. பழக்கதோஷத்தில் கை தானாகப் பேனாவைத் தேடியது.

அவள் திரும்பினாள்.

"எழுதாதேங்கோ. எழுதினா அவன் செத்துப்போவான்."

நோர்பரியில் அமாவாசையன்று வேறொருவர் எழுதிய கல்வெட்டோடு காரியம் நடந்தது. நாங்கள் போகவில்லை. அதற்குப் பிறகு பேராசிரியையும் ஊருக்குத் திரும்பிவிட்டார். மனைவி இன்னும் அந்தப் பழைய போன் நம்பரை மாற்ற விடுவதில்லை. அன்று அவள் சொன்ன இடங்கள் எல்லாம் எனக்கு வரிசை தப்பாமல் நினைவிருக்கின்றன. இங்கேயும் நான் அவற்றை எழுதவில்லை.