அத்தானுக்குப் பிடிக்காத தண்ணீர்

எங்கள் அறைக் கதவுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பெரிய தண்ணீர் கேன் இருக்கும். வேலைக்கென்று நான் வளைகுடாவில் வந்து இறங்கிய முதல் நாள், எனக்கு விசா வாங்கித் தந்த அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், அதிலிருந்து ஒரு டம்ளர் பிடித்து என் கையில் கொடுத்தார். நான் ஒரு மடக்குக் குடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “எப்படி இருக்கு? சப்புன்னு கெடக்குல்லா? இதத்தாம்லே இங்க தண்ணின்னு சொல்லுதானுவ” என்றார். சம்பந்தி வீட்டுக் காப்பியைக் குறை சொல்கிற தாய்மாமனின் திருப்தி அவர் குரலில் இருந்தது.

தாமிரவருணிக் கரையில் இருக்கிற எங்கள் முக்கூடல்காரர்களுக்கு இது பிறவிக் கர்வம். ஆற்றில் இறங்கிக் கையால் அள்ளிக் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். சென்னைக்குப் போய் வந்தவன் முதலில் அந்த ஊர்த் தண்ணீரைத்தான் வைவான். பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரிப்பதற்கு முன்பு, “அந்த ஊர்ல தண்ணி எப்படி?” என்று கேட்கிற ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள். அத்தானிடம் இந்தக் கர்வம் ஒரு படி அதிகம். “தாமிரவருணி குடிச்ச ஒடம்புலே இது, ஒரு நோயும் அண்டாது” என்பார். அதனால் வளைகுடாவில் அவர் தொண்டைக்குள் இறங்கியதெல்லாம் பால் விடாத கட்டஞ்சாயாவும் கலர் சோடாவும்தான். தண்ணீர், மாத்திரை விழுங்க மட்டும்.

மாத்திரைக்குத்தான் குறைவே இல்லை. அத்தான் சென்ட்ரிங் தச்சர். கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற வேலை. கம்பியைத் தொட்டால் கை சுடும் வெயிலில், நாள் முழுக்கக் குனிந்தும் நிமிர்ந்தும் செய்ய வேண்டும். சாயங்காலம் அவர் சட்டையில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும். இடுப்பு வலிக்கு ஊரிலிருந்து அட்டை அட்டையாக மாத்திரை கொண்டு வந்து, வெற்றிலை போடுகிற மாதிரி போட்டுக்கொள்வார். உச்சி மாடியில் வேலை நடக்கும்போது கழிப்பறைக்குக் கீழே இறங்கினால் மேஸ்திரி முகம் சுளிப்பார். தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்கு அதுவும் ஒரு வசதியான காரணமாகப் போயிற்று.

எங்கள் அறைக்குச் சமைத்தவர் காயல்பட்டினத்துக்காரர். அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். எங்கள் எல்லாருக்கும் அவர் காக்காதான். அத்தான் வயதுதான் அவருக்கும். இருவரும் பேசிக்கொண்டால் சண்டை போடுகிற மாதிரியே இருக்கும். காக்கா சீரகம் போட்டுத் தண்ணீர் காய்ச்சி, ஆறவைத்து, பாட்டிலில் ஊற்றி அத்தானின் பையில் திணிப்பார். அத்தான் அதை வேலையிடத்தில் யாருக்காவது கொடுத்துவிட்டு வெறும் பாட்டிலோடு திரும்புவார். ஒருநாள் குட்டு வெளிப்பட்டது. “நீரு என்ன ஒட்டகமா வே? ஒட்டகங்கூட தண்ணியக் கண்டா குடிக்கும்” என்றார் காக்கா. அறையே சிரித்தது. அத்தானும் சிரித்தார், குடிக்கவில்லை.

பிறகு அவருக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. காக்கா கட்டைவிரலால் அந்தக் கணுக்காலை அழுத்திக் காட்டினார். விழுந்த குழி மேலே வரவே இல்லை. “இது நல்லதுக்கு இல்ல வே, டாக்டரப் பாரும்” என்றார். “நின்னு நின்னு வந்த வீக்கம். ஊருக்குப் போயி நாலு நாள் ஆத்துல முங்கி எந்திச்சா சரியாப் போயிரும்” என்றார் அத்தான். உள்ளுக்குள் அவருக்குப் பயம் இருந்திருக்கும். டாக்டர் எதையாவது எழுதிக் கொடுத்து, கம்பெனி ஊருக்கு அனுப்பிவிட்டால் என்ன செய்வது? வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அறையிலிருந்த எங்கள் பக்கத்து ஆட்களுக்கும் ஆற்று வைத்தியம் நியாயமாகவே பட்டது.

விடுமுறையில் ஊருக்குப் போன அத்தான், பெட்டியைக்கூட வீட்டுக்குள் வைக்காமல் நேராக ஆற்றுக்குப் போய்க் குடித்தாராம். அந்த வாரமே மூச்சு வாங்கி, வாந்தி எடுத்து, திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் படுத்தார். இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன. பல வருஷத்து வெயில், குடிக்காத தண்ணீர், கணக்கில்லாமல் போட்ட வலி மாத்திரை எல்லாம் சேர்ந்து செய்த வேலை என்றார் டாக்டர். அக்கா போனில் சொல்லும்போது நான் காக்காவின் சமையல்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். டயாலிசிஸ் என்றாள், பொறுத்துக்கொண்டேன். “இனிமே தண்ணிய அளந்துதான் குடுக்கணுமாம்லே. கூடக் குடிச்சா நெஞ்சுல நீர் கோத்துக்கிடுமாம்” என்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். அத்தானுக்கு அந்த நமஸ்காரத்துக்கும் கொடுத்து வைக்கவில்லை.

நானும் காக்காவும் இன்னும் அதே அறையில்தான் இருக்கிறோம். தாகம் எடுக்கும் முன்பே குடித்துவிடுகிறேன், சப்பென்று இருந்தாலும். ஊரிலிருந்து புதிதாக வருகிற எவனாவது டம்ளரைப் பார்த்து முகம் சுளித்தால் எனக்குச் சுள்ளென்று கோபம் வருகிறது. “குடிச்சுட்டு அப்புறமா வைய்யுலே” என்பேன். காக்கா சிரிப்பதில்லை. அவன் குடித்து முடிக்கிறவரை பக்கத்தில் நிற்பார்.

இந்த விடுமுறையில் அத்தானோடு ஆற்றுக்குப் போனேன். ஆளே மெலிந்து கறுத்துவிட்டார். ஆனால் குளியலை மட்டும் விடவில்லை. அக்கா மேல்படியில் துண்டோடு நின்றாள். மழை பெய்து ஓய்ந்திருந்ததால் ஆறு நிறையப் போய்க்கொண்டிருந்தது. அத்தான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று முங்கினார், எழுந்தார். இரண்டு கையாலும் அள்ளி வாய் நிறைய வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். கன்னம் உப்பியபடி வெகுநேரம் அப்படியே நின்றார். நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை. அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் துப்புகிறவரை.